மேங் சாரின் உலாவி

குவாக் யூரிம் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் மேங் சாரைத் திட்டத்தான் வாய் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். அவருடைய முறை வரும்.

குரோ என்ற தொழில்பேட்டைப் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், பதினோரு பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி எங்களுடையது. அதில் ஆறு வருடம் யூரிம் அக்காவுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு சர்வர் வேலை. அக்காவுக்கு பப்ளிஷர் வேலை, அதாவது வடிவமைப்பாளர் படமாக வரைந்து கொடுப்பதை இணையத்தில் திறக்கும் பக்கமாக மாற்றிக் கட்டும் வேலை. வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. "படம்தான் ரெடியா இருக்கே, எடுத்து வெக்க வேண்டியதுதானே" என்று எங்கள் யோம் முதலாளியே கேட்பார். அப்படிக் கேட்ட நாளில் அக்கா மத்தியானம் வரை அவரிடம் பேசமாட்டாள்.

அதற்கு முன் அவள் தேஜோன் நகரத்தில் ஓர் அச்சகத்தில் இருந்தாள். பன்றி இறைச்சி இந்த வாரம் மட்டும் தள்ளுபடி, முட்டைக்கோஸ் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வீட்டுக் கதவுகளில் ஒட்டும் தாள்களுக்கு எழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து மயிரளவு இறங்கியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அங்கே வந்தது. இருபத்தொன்பது வயதில் விவாகரத்து ஆனது. தங்கை வீட்டுக்கு வந்து, அரசுப் பயிற்சி மையத்தில் ஆறு மாதம் படித்து, எங்கள் கம்பெனிக்கு வந்தாள். கோபக்காரி. தட்டுகிற தட்டில் வருடத்துக்கு இரண்டு விசைப்பலகை உடையும். அவள் எழுதிய நிரல்களுக்கு நடுவே, திரையில் தெரியாத குறிப்புகளாக வசவுகள் இருக்கும். "இந்த வரி எதற்கென்றால், கிழட்டுப் பிணத்துக்காக" என்பதுதான் அவற்றில் அச்சில் போடக்கூடியது.

கிழட்டுப் பிணம் என்று அவள் சொன்னது, பத்து வருடத்துக்கு முன் வந்த, நீல எழுத்து ஒன்றைச் சின்னமாகக் கொண்ட உலாவியை, அதாவது இணையப் பக்கங்களைத் திறக்கும் பிரௌசரை. நான் சொல்வது 2011ஆம் வருடத்துக் கதை. உலகமே புதிய உலாவிகளுக்குப் போயிருந்தது. எங்கள் நாட்டு அலுவலகங்கள் மட்டும் அந்த நீல எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதன. பத்துப் புள்ளி இடைவெளி விடு என்றால் அது இருபது விடும். பின்னணி இல்லாத படத்தைக் கொடுத்தால் பின்னால் ஒரு சாம்பல் பெட்டியைத் தானாகப் போட்டுக்கொள்ளும். பெட்டியின் மூலையை வளை என்று சொன்னால் காது கேட்காதது போல இருக்கும். ஒரு பக்கத்தை ஒழுங்காகக் கட்ட ஒரு நாள், அதை இந்தக் கிழத்துக்குப் பிடித்த மாதிரி ஆக்க மூன்று நாள். அதைச் சோதிப்பதற்கென்றே அக்காவின் காலடியில் ஒரு பழைய கணினி இருந்தது. அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள்.

"கல்யாணத்தோட வந்த மாமியார் கையெழுத்துப் போட்டதும் போயிட்டாங்க தம்பி. இது என்ன பண்ணாலும் போகமாட்டேங்குது" என்பாள்.

இனி மேங் சார். எங்களிடமிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு நகரத்தின் நகராட்சியில் தகவல் பிரிவுத் தலைவர். அந்த நகராட்சியின் இணையதளத்தை ஒரு பெரிய கம்பெனி எடுத்து, இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்து, அவர்கள் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்குக் கீழே யாரும் இல்லை. தளத்தின் ஒவ்வொரு பக்கமும் வண்ணத்தில் அச்சாகி, ஏழு பேரின் முத்திரை வாங்கி, மேங் சாரின் அலமாரியில் இருந்தது. நாங்கள் கட்டிய பக்கத்தைத் தன் கணினியில் திறந்து, அச்சுத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, பிளாஸ்டிக் அளவுகோல் வைத்து அளப்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருடைய கணினியில் இருந்தது கிழட்டு உலாவிதான். அதை மாற்றினால் பதினோரு வருடக் கோப்புகள் திறக்காது என்பார். அவர் திரையில் சரியாக இருந்தால் நாட்டுக்கே சரி. அவர் திரையில் கோணினால் கோணல்.

தளத்தைத் திறந்து வைத்த நாளில் புது வேலை தொடங்கும்போது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது போல நாங்களும் பன்றித் தலை வைத்துக் கும்பிட்டோம். யோம் முதலாளி நிஜத் தலை வாங்கவில்லை. "நம்ம தொழிலே ஸ்கிரீன்லதானே, ஸ்கிரீன்லயே வெச்சுக் கும்பிடுவோம்" என்று அக்காவைப் படம் போடச் சொன்னார். சிரிக்கிற பன்றி ஒன்றை அழகாகப் போட்டிருந்தாள். மேங் சாரின் கணினியில் திறந்தோம். பன்றியின் காதுகளுக்குப் பின்னால் சாம்பல் பெட்டி. யோம் முதலாளி, பன்றியின் வாயில் வைக்க வேண்டிய நோட்டுகளை விசைப்பலகை இடுக்கில் செருகி, அரிசிக் கள் ஊற்றி, சாஷ்டாங்கமாக விழுந்தார். அக்கா என் காதில், "பன்னிக்கே பொட்டி கட்டிட்டான் பாரு, நம்மளை விடுவானா" என்றாள்.

அந்த வருடம் ஜூலையில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீடுகளில், ஜன்னல் வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே விழுந்தது. அப்படி வீடு கெட்டவர்களுக்காக அந்த நகராட்சி, தரைக்கு மேலே இருக்கும் முப்பத்தாறு வாடகை வீடுகளை ஒதுக்கியது. அக்டோபரில் மூன்று நாள் விண்ணப்பம், மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். இணையத்தில் மட்டும்தான். தாளில் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று மேங் சார் எழுதி ஒட்டியிருந்தார். முழுக்க இணையம் என்றால் நகராட்சிக்கு அரசு போடும் மதிப்பெண் கூடுமாம்.

அந்த விண்ணப்பப் பக்கத்தின் வாசலில் ஒரு தடுப்பு வைக்கச் சொன்னார்கள். நீல எழுத்து உலாவியில் வந்தால் உள்ளே விடு. வேறு எதில் வந்தாலும், கைபேசியில் வந்தாலும், 'இந்தப் பக்கம் உங்கள் உலாவியில் திறக்காது, வணக்கம்' என்று திருப்பி அனுப்பு. உள்ளே விடப்பட்டவர்களும் மூன்று பாதுகாப்பு மென்பொருள்களை நிறுவி, கணினியை ஒரு தடவை அணைத்துப் போட்டுத்தான் மேலே போக முடியும். வங்கிக்குப் போடுகிற அதே பூட்டு.

"பணம் எடுக்கவா வர்றாங்க? வீடு குடுங்கன்னு பேரும் அட்ரஸும் எழுதித் தர வர்றாங்க. அதுக்கு எதுக்குங்க இத்தனை பூட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாரும் போடுறாங்க, நாமளும் போடுவோம். நாளைக்கு ஏதாச்சும்னா யாரு பதில் சொல்றது" என்றார் யோம் முதலாளி.

அக்கா தடுப்பை எழுதினாள். அந்த 'வணக்கம்' மட்டும் அவள் போட்டதில்லை, அது மேங் சாரின் சேர்க்கை. அதே வாரத்தில், யாரும் சொல்லாமல், எந்த உலாவியிலும் கைபேசியிலும் திறக்கும் இன்னொரு விண்ணப்பப் பக்கத்தையும் கட்டினாள். பூட்டு கிடையாது. கைபேசிக்கு வரும் ஆறு எண்களைப் போட்டால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். அதற்கான சர்வர் வேலையை நான் செய்தேன். அது தயாராக என்னிடமே கிடந்தது.

விண்ணப்பம் தொடங்கிய காலையிலேயே தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. உதவி எண் என்று நகராட்சி எங்கள் கம்பெனி எண்ணை அச்சடித்திருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோம் முதலாளி மெதுவாக வெளியே நழுவிவிட்டார். அக்காதான் எடுத்தாள். திறக்கவில்லை, திறக்கவில்லை, திறக்கவில்லை. வீட்டுக் கணினி வெள்ளத்தில் போனவர்கள்தானே அவர்கள். கையில் கைபேசி மட்டும் இருந்தது. கூப்பிட்ட ஒவ்வொருவரின் பெயரையும் தெருவையும் நேரத்தையும் அக்கா குறித்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒக் மால்சூன் என்ற அம்மா கூப்பிட்டார். ஐம்பத்தெட்டு வயது. ஊறுகாய்த் தொழிற்சாலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பையன்கள் காசு கொடுத்துக் கணினியில் விளையாடும் பிசிபாங் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பின்னால் துப்பாக்கிச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"மேடம், இது நாலாவது தடவை. ஏதோ பாதுகாப்புன்னு போடச் சொல்லுது, போடுறேன். அணைச்சுப் போடுன்னு சொல்லுது, போடுறேன். திரும்ப வந்து பார்த்தா மறுபடியும் மொதல்லேருந்து போடச் சொல்லுது. நான் என்ன தப்புப் பண்றேன்?"

அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. பிசிபாங் கணினியை அணைத்துப் போட்டால், புதிதாக நிறுவியது எல்லாம் துடைத்துப்போய்ப் பழையபடி ஆகிவிடும். கண்டவர் கண்டதைப் போட்டுக் கெடுக்காமல் இருக்க நாடு முழுவதும் கடைக்காரர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கமோ அணைத்துப் போடாமல் விடாது. அந்த அம்மா சாகிற வரை அங்கே உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருக்கலாம். இதை யோசிக்காமல் ஒரு பூட்டைச் செய்து, ஏழு முத்திரை குத்தி, அதற்கு நாங்களும் சம்பளம் வாங்கியிருந்தோம்.

"நீங்க எந்தத் தப்பும் பண்ணலம்மா. தப்பு எங்களோடது. நூலகத்துல கேட்டுப் பார்த்தீங்களா?"

"அங்க எதையும் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நகராட்சிக்கே நேர்ல போனேன். கம்ப்யூட்டர்லதான் குடுக்கணும்னு தொரத்திட்டாங்க. வீட்டுக்காரரால நடக்க முடியாது மேடம். அன்னைக்குத் தண்ணி வந்தப்ப அவரைத் தூக்கி, பாத்திரம் கழுவுற மேடைமேல உக்கார வெச்சுட்டு, ராத்திரி பூரா பிடிச்சுக்கிட்டே நின்னேன். சுவரெல்லாம் பூஞ்சை, இப்ப அவருக்கு மூச்சு இழுக்குது. மேல ஒரு வீடு கெடைச்சாப் போதும்."

விண்ணப்பிக்க, ஆள் இன்னார் என்று காட்டும் மின் சான்றிதழ் வேண்டும்; அவருடையது அவர் கழுத்தில் தொங்கிய யுஎஸ்பி குச்சியில் இருந்தது. அதைத் தொலைபேசி வழியாக வாங்கி நாங்கள் போடவும் முடியாது. அக்கா, "அங்கயே இருங்கம்மா, எங்கயும் போயிடாதீங்க. ஆறு மணிக்குள்ள ஏதாச்சும் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நம்ம பக்கத்தை ஏத்து."

"முதலாளியைக் கேக்காமயா அக்கா?"

"கேட்டா விடுவாரா?"

நான் கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. சாவி என் கையில் இருந்தது. ஒரு கட்டளை தட்டினால் போதும். நான் எழுந்து போய் யோம் முதலாளியைக் கேட்டேன், அவர் மேங் சாருக்கு ஃபோன் அடித்தார். மேங் சாருக்கும் மேலிடத்திலிருந்து குடைச்சல் வந்திருக்கும்போல. மறுக்கவில்லை. "அனுப்புங்க, பார்க்கிறேன். ஒப்புதல் படத்துல இருக்கிற மாதிரியே இருந்தா ஏத்திக்கலாம்" என்றார். மணி மூன்றே கால்.

எந்த உலாவியிலும் திறக்க வேண்டிய பக்கத்தை அவர் எதில் திறந்து பார்த்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்குத் தொலைநகலில் ஒரு தாள் வந்தது. வலப்பக்கத்துப் பெட்டி கீழே இறங்கியிருக்கிறது, பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம், சரிசெய்க. மில்லிமீட்டர். யூரிம் அக்கா தொலைபேசியை எடுத்தாள்.

"சார், அது உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அப்படித் தெரியும். இந்தப் பக்கம் அதுக்காகக் கட்டினதே இல்ல. வெளியில எண்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. மொதல்ல ஏத்திடலாம், உங்க ஸ்கிரீனுக்கு நான் நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்."

"படத்துல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணுன்னு இருந்தா தணிக்கையில எனக்குத்தானம்மா கேள்வி. உங்களுக்கு என்ன" என்றார் மேங் சார். குரலில் கோபம்கூட இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

அக்கா சரிசெய்தாள். மாமியாரை உதைத்து எழுப்பி, இருபது நிமிடத்தில் பெட்டியை மேலே ஏற்றினாள். அனுப்பினோம். நாலே முக்காலுக்கு இரண்டாவது தாள். நகராட்சிச் சின்னத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம். அதையும் சரிசெய்தாள். நடுவில் ஒக் மால்சூன் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். "இருக்கேன் மேடம், போகல" என்று மட்டும் சொல்லி வைத்தார். ஐந்தே காலுக்கு மூன்றாவது தாள். விண்ணப்பிக்கும் பொத்தானின் மூலைகள் படத்தில் வளைந்திருக்கின்றன, பக்கத்தில் கூராக இருக்கின்றன. சிவப்பு மையில் நாலு வட்டம்.

அக்கா அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்தாள். "பொத்தான் மூலை" என்று மெதுவாகச் சொன்னாள். "அந்தம்மா புருஷனை மேடைமேல வெச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இவனுக்குப் பொத்தான் மூலை." பிறகு உட்கார்ந்தாள். கிழட்டு உலாவிக்கு வளைக்கத் தெரியாது. நாலு மூலைக்கும் நாலு சின்னப் படங்கள் வெட்டி ஒட்ட வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வெட்டினாள். யோம் முதலாளி கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினோம். ஐந்து ஐம்பத்தாறுக்கு 'நன்று, ஏற்றலாம்' என்று முத்திரையோடு தாள் வந்தது. ஐம்பத்தேழுக்கு ஏற்றினேன். அக்கா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அம்மா, கம்ப்யூட்டரை விடுங்க, உங்க ஃபோன்லயே திறங்க. பேரு போடுங்க. நிதானமா" என்றாள். ஒரு விரலால் தட்டுகிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னார். பெயர், தெரு, வீட்டில் எத்தனை பேர். ஆறு எண்கள் வந்தன. முதல் தடவை தப்பாகப் போட்டார். மறுபடி போட்டார்.

"அனுப்பிட்டேன் மேடம்" என்றார். உடனே, "நேரம் முடிஞ்சிடுச்சுன்னு வருதே, அப்படின்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

மணி ஆறாகி இருபது விநாடி. ஆறு மணிக்கு மூடு என்ற வரியை எழுதியவன் நான். அக்கா என்னைப் பார்த்தாள்.

"தம்பி, கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னால தள்ளு."

நான் யோம் முதலாளியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாமென்று. நான் கையை எடுத்துவிட்டேன். "இல்லம்மா, போகல" என்று அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா திட்டவில்லை. இவ்வளவு நேரம் கூட இருந்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தார். திட்டியிருக்கலாம். எங்கள் ஒன்பதாவது மாடியே அதிர்கிற மாதிரி திட்டியிருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் உள்ளே வந்தவர்கள் நாலே பேர்.

மூன்று வாரம் கழித்து முடிவறிக்கை எழுதும் நேரம் வந்தது. அக்காதான் எழுத வேண்டும், மேங் சாருக்கு அச்சடித்து அனுப்ப வேண்டும். என்னென்ன வர வேண்டும் என்று அவரே பட்டியல் கொடுத்திருந்தார். அதில் ஒன்று, வேறு உலாவிகளில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது. கூடவே விடையையும் எழுதியிருந்தார். பூஜ்யம். ஆகவே அடுத்த வருடமும் வேறு உலாவிகளுக்காக எதுவும் செய்யத் தேவையில்லை. கணக்கெடுக்கும் நிரல் தடுப்புக்கு உள்ளே இருந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களை அது எண்ணவே இல்லை. கடைசி மூன்று நிமிடத்தில் கைபேசியில் வந்தவர்களைச் சோதனை என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

பூஜ்யம் என்று வர வேண்டிய கட்டத்துக்குள் அக்கா எண்பத்து மூன்று பெயர்களை எழுதினாள். பெயர், தெரு, கூப்பிட்ட நேரம், வரிசையாக, அச்சகத்தில் பழகிய சுத்தத்தோடு. ஓர் எழுத்துகூட மேலே கீழே போகவில்லை. தலைப்பு: வந்தவர்கள்.

யோம் முதலாளி அவள் மேசைக்கு வந்தார். "யூரிம், இதெல்லாம் வேணாமே. அடுத்த வருஷ வேலை நமக்கு வரணும்ல. அழிச்சுடு."

"நீங்க அழிச்சுக்கோங்க சார். நான் எழுதினதை நான் அழிக்கமாட்டேன்."

"அப்புறம் நீ இங்க எப்படி இருக்க முடியும்?"

"இருக்கல."

அன்றைக்கே மேசையைக் காலி செய்தாள். செருப்பு, கோப்பை, ஒரு குட்டி விசிறி. ஏதாவது சொல்வாள் என்று லிஃப்ட் வரை கூடப் போனேன். அவள் கதவு மூடுகிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது அறிக்கைக் கோப்பு என் கணினிக்கு வந்திருந்தது. மதியத்துக்குள் முடித்து அனுப்பச் சொல்லி யோம் முதலாளி ஒரு வரி எழுதியிருந்தார். எண்பத்து மூன்று வரிகளையும் நான்தான் அழித்தேன். ஒக் மால்சூன் அறுபத்தொன்றாவது வரியில் இருந்தார். அந்த இடத்தில் பூஜ்யம் என்று தட்டி, அச்சடித்து, அனுப்பினேன். மேங் சார் அன்று மாலையே முத்திரை வைத்துவிட்டார்.